படகுத்துறைக்கு எந்தக் கல்லாப்பெட்டி?

கணினி இல்லாத கடையை இன்று காண்பது அரிது. எங்கள் டத்தோ கிராமாட் சாலையில் ஒரு நடை நடந்து பார்த்தால் போதும். நாசி கண்டார் கடை தொடங்கி வாகன உதிரிப்பாகக் கடை வரை எல்லாக் கல்லாவிலும் ஒரு திரை ஒளிர்கிறது. கணினித் துறையிலோ கணக்கியலிலோ பயிலும் நம் மாணவர்களைப் பார்த்து உறவினர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்: “கடைக்கு ஒரு சிஸ்டம் போடணும், எது நல்லது?”

மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் இதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். படகுத்துறைக்கும் படகுப் பட்டறைக்கும் சொல்வதுதான் கடினம். ஈய உருக்காலை இருந்து, இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் அதே சாலையில், கணினியும் கல்லா இயந்திரமும் பழுது பார்க்கும் ஒரு சிறு கடையில் நான் வேலை செய்கிறேன். தீவில் வேலை செய்தால் படகுக்காரர்களும் வாடிக்கையாளர்களாக வரத்தான் செய்வார்கள். அப்படி வந்தவர்களிடமிருந்து அறிந்துகொண்டதையும், தேடிப் படித்ததையும் நம் கழக இதழ் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லாவும் கப்பலும்

விற்பனை நடக்கும் இடத்திலேயே விலையைக் கூட்டி, பணம் பெற்று, ரசீது தந்து, சரக்கிருப்பையும் குறைத்துக்கொள்ளும் மென்பொருளை விற்பனை முனைய மென்பொருள் என்பர். பேச்சு வழக்கில் பி.ஓ.எஸ். இதற்கு மூதாதையான கல்லா இயந்திரம் பிறந்ததற்கே ஒரு கப்பல்தான் காரணம் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் டேட்டன் என்னும் ஊரில் ஜேம்ஸ் ரிட்டி என்பவர் மதுக்கடை நடத்திவந்தார். வேலையாட்கள் பணத்தைக் கல்லாவில் போடாமல் தம் பையில் போட்டுக்கொள்வது அவருக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. ஐரோப்பாவுக்குக் கப்பலில் சென்றபோது, இயந்திர அறையில் கப்பலின் சுழலி எத்தனை முறை சுற்றியது என்று எண்ணிக் காட்டும் கருவியைக் கண்டார். சுழற்சியை எண்ண முடியுமானால் விற்பனையையும் எண்ணலாமே என்று தோன்றியது. ஊர் திரும்பித் தம் சகோதரருடன் சேர்ந்து இயந்திரம் செய்து 1879-இல் காப்புரிமை பெற்றார்.

வேலையாள்மேல் கொண்ட ஐயத்தில் பிறந்தது அந்த இயந்திரம். அதன் வழிவந்த மென்பொருள்களிலும் அந்தக் குணம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்பது சற்றுப் பின்னால் விளங்கும்.

கடை வேறு, துறை வேறு

பினாங்குத் தீவில் உல்லாசப் படகுகள் கட்டி நிற்பதைப் பார்க்க விரும்புவோர் தஞ்சோங் தோக்கோங்கில் கடலைத் தூர்த்து அமைத்த ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறைக்குச் செல்லலாம். வடக்கே லங்காவியில் ரெபாக், தெலாகா, குவா ஆகிய இடங்களில் துறைகள் உள்ளன. 1990 முதல் நடைபெற்றுவரும் ராஜா மூடா சிலாங்கூர் பாய்மரப் படகுப் போட்டி நவம்பர் மாதத்தில் கிள்ளான் துறைமுகத்தில் புறப்பட்டு, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி சென்று முடிகிறது. இவையன்றி, மீன்பிடிப் படகுகளையும் சுற்றுலாப் படகுகளையும் பழுது பார்க்கும் சிறு பட்டறைகள் ஆற்று முகங்களில் உண்டு. பெரிய துறையோ சிறு பட்டறையோ, வணிகத்தின் தன்மை ஒன்றுதான்.

கடையில் ஒருவர் பொருளை எடுத்து, பணம் கொடுத்து, வெளியே போய்விடுகிறார். இரண்டு நிமிடத்தில் கணக்கு முடிந்தது. பட்டறையில் ஒரு படகைப் பெரிய சக்கர இயந்திரத்தால் தூக்கிக் கரையேற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார்கள். அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் நீரைப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். சுரண்டி, தேய்த்து, பாசி பிடிக்காத சாயம் பூசுகிறார்கள். துத்தநாகக் கட்டிகளை மாற்றுகிறார்கள். இடையில் மழை. பிறகு உதிரிப்பாகம் வரவில்லை. படகின் உரிமையாளர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டு அடுத்த மாதம் வருகிறார். ஐந்து வாரம் கழித்துத்தான் படகு மீண்டும் நீரில் இறங்குகிறது. அதுவரை அந்தக் கணக்கு திறந்தே இருக்கிறது. அதற்குள் நூறு வரிகள் சேர்ந்திருக்கலாம், பாதிச் சாயம் மிஞ்சித் திரும்பி வந்திருக்கலாம், முன்பணமும் கொடுத்திருக்கலாம்.

கணக்கு யார் பெயரில் என்பதும் சிக்கல்தான். சாயம் கேட்டு வருபவர் படகோட்டி, சாப்பிட வருபவர் விருந்தினர், பணம் கட்டுபவர் எங்கோ இருக்கும் உரிமையாளர் அல்லது முகவர். ஆள் மாறிக்கொண்டே இருக்க, மாறாதது படகு ஒன்றுதான். ஆகவே படகுத்துறைக்கான மென்பொருளில் கணக்கின் தலைப்பு ஆளாக இருக்கக்கூடாது, படகாக இருக்க வேண்டும். மென்பொருள் விற்பவர் எத்தனை வண்ணத்திரைகளைக் காட்டினாலும், “ஒரு படகின் பெயரை அழுத்தினால் அது வந்த நாளிலிருந்து இன்றுவரையுள்ள எல்லாக் கணக்கும் வருமா?” என்றே முதலில் கேட்க வேண்டும். வராது என்றால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம்.

பணத்தைப் பொறுத்தும் ஓர் அவசரம் இருக்கிறது. பழுது பார்த்தவர், கூலி கைக்கு வரும்வரை பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்பது ஆங்கிலேயர் சட்டவழி வந்த உரிமை. படகு கரையில் இருக்கும்வரைதான் அதற்குப் பலம். நீரில் இறங்கிவிட்டால் கடனும் மிதந்து போய்விடும். ஆதலால் படகை இறக்கும் நாள் காலையில், கணக்கு ஒரு வரிகூட விடுபடாமல் முடிந்திருக்க வேண்டும். இந்த ஒரு காலைப்பொழுதுக்காகத்தான் மென்பொருளே வாங்குகிறோம் என்று சொன்னாலும் மிகையாகாது.

சாய டின் எங்கே போனது?

எங்கள் குடியிருப்பில் இருந்த அண்ணன் ஒருவர் செபராங் பிறைப் பக்கம் ஒரு பட்டறையில் பொருட்கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தவுக்கே, மளிகைக் கடைகளில் பயன்படும் மென்பொருள் ஒன்றை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் போட்டார். மூன்றாம் மாதம் அண்ணன் என் கடைக்கு வந்தார். “தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. சிஸ்டத்துல பதினோரு டின் இருக்குங்குது, ரேக்குல ஆறுதான் இருக்கு. தவுக்கே என்னையே பாக்குறாரு. இந்த மாசம் சம்பளத்துல பிடிச்சிட்டாரு” என்றார்.

நடந்தது இதுதான். மளிகை மென்பொருளில் பில் அச்சாகும் போதுதான் சரக்கிருப்பு குறையும். மளிகைக் கடைக்கு அது சரி, பொருளும் பில்லும் ஒரே நேரத்தில் வெளியே போகின்றன. பட்டறையிலோ சாயம் திங்கட்கிழமை படகுக்குப் போகிறது. பில் ஐந்து வாரம் கழித்து வருகிறது. இடையில் மாத இறுதி வந்து, தவுக்கே சரக்கை எண்ணிப் பார்த்தால் குறையத்தான் செய்யும். காணாமற்போன ஐந்து டின்னும் கரையில் நின்ற இரு படகுகளின் அடியில் பூசப்பட்டு, எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி காய்ந்துகொண்டிருந்தன! திரை சொல்வதை நம்பும் அளவுக்கு மனிதன் சொல்வதை யாரும் நம்புவதில்லை. பத்து ஆண்டு நாணயமாக வேலை செய்தவர் ஒரே மாதத்தில் திருடனாகப் பார்க்கப்பட்டார். (சம்பளத்தில் முதலாளி நினைத்ததையெல்லாம் பிடித்துவிட முடியாது, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு அதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. இதை நம் தொழிலாளர்களில் பலர் அறிவதில்லை.)

முதலில் செய்த பரிகாரத்துக்கு மென்பொருளே தேவைப்படவில்லை. நூறு பக்கப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் தேதி, படகின் பெயர், பொருள், எடுத்தவர் கையெழுத்து என்று நான்கு கோடு போட்டோம். அடுத்த மாத இறுதியில் ரேக்கையும் புத்தகத்தையும் கூட்டினால் திரையில் உள்ள எண் வந்தது. தவுக்கே பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகுதான் வேறு மென்பொருள் பார்க்கச் சொன்னார்.

பொருள் கிடங்கை விட்டு வெளியேறும் கணத்திலேயே அது எந்தப் படகுக்குப் போகிறது என்று பதிய வழி இருக்க வேண்டும். இதற்கெனவே செய்த மென்பொருள்களில் வேலை அட்டை என்ற பகுதி இருக்கும். படகு கரையேறியதும் ஓர் அட்டை திறந்து, கூலி நேரமும் பொருளும் அதில் ஏறிக்கொண்டே போகும். அது இல்லாத உள்ளூர் மென்பொருளில் ஒரு தந்திரம் செய்யலாம். பல கிளைகள் உள்ள கடைகளுக்காக, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சரக்கை மாற்றும் வசதி அவற்றில் உண்டு. ஒவ்வொரு படகையும் ஒரு கிளையாகப் பதிந்துவிட வேண்டியதுதான். ஐந்து டின் கிடங்கிலிருந்து படகுக்கு மாறும். மிஞ்சியது திரும்பி வரும். பில் போடும்போது படகில் இருப்பது விற்றதாகும். அண்ணனின் பட்டறையில் இப்படித்தான் செய்தோம். ரிட்டியின் இயந்திரம் திருடனைப் பிடிக்கப் பிறந்தது; இங்கே அதன் வாரிசு திருடாதவனைக் காப்பாற்ற உதவியது.

நீளமும் கட்டுமரமும்

படகு கட்டும் இடத்துக்கான கட்டணம் நீளத்தைப் பொறுத்தது. நாள் ஒன்றுக்கு, மீட்டருக்கு அல்லது அடிக்கு இவ்வளவு என்பர். பதிவுச் சான்றிதழில் உள்ள நீளமும் உண்மையில் படகு அடைக்கும் நீளமும் ஒன்றாக இருப்பதில்லை. முன்னே நீளும் கம்பும் பின்னே தொங்கும் சிறு படகும் சேர்ந்தால் ஒரு மீட்டர் கூடிவிடும். மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும்.

இரட்டை உடல் கொண்ட படகுகளுக்குப் பல துறைகளில் ஒன்றரை மடங்கு கட்டணம், ஏனெனில் அவை அகலத்தில் இரண்டு படகின் இடத்தை அடைக்கின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 12 மீட்டர்ப் படகுக்கு 36 வெள்ளி. இரட்டைப் படகானால் 54 வெள்ளி. இருபது நாளில் வேறுபாடு 360 வெள்ளி. இந்தப் பெருக்கலை ஊழியர் மனக்கணக்காகப் போட வேண்டியிருந்தால் ஒரு நாள் தவறத்தான் செய்யும். தமிழ்க் கழக இதழில் இதைக் குறிப்பிடாமல் போக மனமில்லை: அந்த இரட்டைப் படகை உலகம் முழுவதும் கேட்டமரான் என்கிறார்கள். நம் ‘கட்டுமரம்’ தான். சோழமண்டலக் கரையில் புறப்பட்ட சொல் ஊரெல்லாம் சுற்றி, ஒன்றரை மடங்கு கட்டணத்தோடு நம் கரைக்கே வந்து நிற்கிறது.

மாதக் கட்டணத்தில் இன்னொரு நுணுக்கம். 17-ஆம் தேதி வந்து அடுத்த மாதம் 9-ஆம் தேதி புறப்படும் படகுக்கு நாள் கணக்கா, மாதக் கணக்கா? நிருவாகம் எதை முடிவு செய்கிறதோ அதை மென்பொருள் தானே கணக்கிட வேண்டும். மின்சாரமும் நீரும் மீட்டர் பார்த்து எழுதப்படுவதால் முந்திய அளவும் இன்றைய அளவும் பதியும் இடம் வேண்டும். எரிபொருள் விற்கும் துறையானால், விலை வாரந்தோறும் மாறுகிறது என்பதால், புதிய விலையை முன்கூட்டியே எழுதி வைத்து உரிய நாளில் நடப்புக்கு வரச் செய்ய முடிய வேண்டும்.

வரி

நம் நாட்டில் பொருள் சேவை வரி 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காடாக வந்தது. 2018 ஜூன் 1-இல் சுழியம் ஆனது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரி திரும்பியது. 2024 மார்ச் 1-இல் சேவை வரி 8 விழுக்காடானது. ஆனால் உணவு, வாகன நிறுத்தம் முதலியவற்றுக்கு 6 விழுக்காடே நீடித்தது. 2025 ஜூலை 1-இல் வாடகை உள்ளிட்ட மேலும் சில சேவைகளுக்கும் அது விரிந்தது. பத்தே ஆண்டில் ஐந்து மாற்றங்கள். ஆகவே வரி விழுக்காட்டை மென்பொருளுக்குள் கல்வெட்டுப் போல் பொறித்து வைத்திருப்பவரிடம் வாங்கக்கூடாது. ஒவ்வொரு வரிக்கும் தனி வரிக்குறியீடும் அது தொடங்கும் தேதியும் இருக்க வேண்டும், அதை நாமே மாற்ற முடிய வேண்டும். லங்காவியில் கிளை வைத்திருப்போருக்கு இது இன்னும் முக்கியம். அத்தீவு 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால் ஒரே வேலைக்கு இங்கே ஒரு பில், அங்கே வேறு பில்.

முன்பணம் விற்பனை ஆகாது. வாங்கிய 2,000 வெள்ளி, வேலை முடியும்வரை நாம் திருப்பித் தர வேண்டிய பணம். மலிவான மென்பொருள்களில் பல இதை அன்றைய விற்பனையில் சேர்த்துவிடுகின்றன. பிறகு பில் போடும்போது இரண்டாம் முறையும் சேர்கிறது. ஐந்து காசுச் சுற்றுமுறையை (2008 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது) எல்லா உள்ளூர் மென்பொருளும் அறியும்: 47.82 ரொக்கமானால் 47.80, 47.83 ஆனால் 47.85. வெளிநாட்டு மென்பொருள்கள் சில இதில் தடுமாறும். அட்டையில் செலுத்தினால் சுற்றத் தேவையில்லை என்பதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது எல்லாரும் பேசுவது இ-இன்வாய்ஸ். உள்நாட்டு வருமான வரி வாரியம் இதை 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாக இறக்கி, 2026 ஜனவரி 1-இல் 10 லட்சம் முதல் 50 லட்சம் வெள்ளி வரை விற்பனை உள்ளோரிடம் கொண்டுவந்தது. சில்லறை வாடிக்கையாளர் கேட்காதபோது மாத விற்பனையை மொத்தமாக ஒரே இன்வாய்ஸாக, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் அனுப்பலாம். ஆனால் 10,000 வெள்ளிக்கு மேற்பட்ட தனி விற்பனையை 2026 முதல் அந்த மொத்தத்தில் சேர்க்கக்கூடாது என்பது விதி. புதிதாக இணைவோருக்குச் சலுகைக் காலம் உண்டு. மளிகைக் கடைக்கு 10,000 வெள்ளி பில் வருவதில்லை. படகுப் பட்டறையில் அது சாதாரணம். வாங்குபவரும் பெரும்பாலும் வெளிநாட்டவர்; அவருக்கு மலேசிய வரி எண் இராது. அத்தகையோருக்கென்று வாரியம் ஒரு பொது எண்ணை வகுத்திருக்கிறது. கடப்பிதழ் விவரத்தோடு அந்த எண்ணை மென்பொருள் ஏற்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

எதை வாங்குவது?

அமெரிக்காவின் டாக்மாஸ்டர், சுலோவேனியாவின் மரினா மாஸ்டர் போன்றவை படகுத்துறைக்கென்றே பிறந்தவை. துறையின் வரைபடத்தில் எந்த இடத்தில் எந்தப் படகு என்று காட்டும். முன்பதிவு, வேலை அட்டை, மீட்டர் எல்லாம் உண்டு. நவம்பரில் போட்டிப் படகுகள் மொத்தமாக வந்து இறங்கும்போது அந்த வரைபடத்தின் அருமை தெரியும். ஆனால் விலை வெளிநாட்டு நாணயத்தில். உதவிக்கு அழைத்தால் அங்கே நள்ளிரவு. நம் வரிமுறைக்கு இடையில் ஓர் இணைப்புச் செய்ய வேண்டியிருக்கும். உள்ளூரில் எஸ்.கியூ.எல். அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற கணக்கியல் மென்பொருள்கள் வரியையும் இ-இன்வாய்ஸையும் நன்கு அறியும். விற்பனை முனையமும் சேர்த்தே கிடைக்கும். படகைப் பற்றித்தான் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

இரவு தங்கும் படகுகள் நிறைய வந்துபோகும் பெரிய துறைக்கு முதல் வகையே தகும். மாதம் இருபது முப்பது படகு பார்க்கும் பட்டறைக்கு உள்ளூர் மென்பொருளும், மேலே சொன்ன கிளைத் தந்திரமும், சுவரில் ஒரு வெள்ளைப் பலகையும் போதும் என்பது என் கருத்து. வெள்ளைப் பலகையைக் கேலி செய்ய வேண்டாம். மின்சாரம் போனாலும் அது தெரியும்.

எதை வாங்கினாலும், பணம் கட்டுமுன் பழைய பில் புத்தகத்தில் மிகச் சிக்கலான ஐந்து பில்களை எடுத்துக்கொண்டு போய், விற்பவர் முன்னிலையில் அவற்றை மென்பொருளில் போட்டுப் பார்க்க வேண்டும். விற்பவர் தாம் கொண்டுவந்த மாதிரி பில்லைத்தான் காட்ட விரும்புவார், விடக்கூடாது. பொருட்கிடங்குக்காரரையும் உடன் அழைத்துச் செல்வது நலம். நாள் முழுதும் அதைத் தட்டப்போகிறவர் அவர்தான். சாயமும் கிரீசும் ஒட்டிய ஈரக் கையால் தொடுதிரையை அழுத்த முடியாது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு பழைய விசைப்பலகையை நெகிழி உறையில் போட்டுக் கொடுத்தோம். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு பில் போடச் சொல்லவும் வேண்டும். இணைப்பு திரும்பியதும் அந்த பில் தானே ஏறுகிறதா, இரண்டு முறை ஏறுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கடப்பிதழ் நகல்களை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி வைக்கக்கூடாது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும். ஒவ்வொருவருக்கும் தனி மறைச்சொல் வேண்டும். எல்லாரும் ஒரே மறைச்சொல்லைப் பயன்படுத்தினால் தவறு நேரும்போது மீண்டும் கிடங்குக்காரர் தலையில்தான் விடியும்.

வரிக் கணக்குகளை 7 ஆண்டு காத்து வைக்க வேண்டும் என்பது விதி. வெப்பத்தாளில் அச்சாகும் ரசீது நம் ஊர் வெயிலில் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். மென்பொருள் நிறுவனம் மூடப்படலாம், ஆண்டுச் சந்தாவை நாமே நிறுத்தலாம். அப்போது பழைய கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டால் எல்லா விற்பனையாளரும் முடியும் என்றுதான் சொல்வார்கள். அங்கேயே, நம் கண் முன்னால், ஒரு படகின் கணக்கை எடுத்து நம் விரலியில் போட்டுத் தரச் சொல்ல வேண்டும்.